எத்தனை கைகள் தேவை?

பெத்தானியா இல்லத்தில் பல பணிகளால் அலைக்கழிந்த மார்த்தா, துணைக்கு இன்னும் இரு கைகள் வேண்டும் என ஆண்டவரிடம் முறையிட்டதை நாம் அறிவோம். நம் இல்லத்து மேசைக் கணிப்பொறியின் நிலையும் இன்று அதுவே. காணொளித் தொகுப்பு, கணக்கு, பிள்ளைகளின் பாடம் அனைத்தையும் ஒரே வேளையில் அதன்மேல் சுமத்துகிறோம்.

கணிப்பொறியின் மூளையாகிய செயலியில் உழைக்கும் கைகளே 'கோர்'கள். செயலியின் வேகத்தை மேன்மேலும் கூட்டுவதற்கு வெப்பம் தடையாயிற்று. எனவே 2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் இரு கோர்கள் கொண்ட செயலிகளை இல்லங்களுக்கும் அளித்தன. 2019-இல் வெளிவந்த ரைசன் 9 3950எக்ஸ் என்பதிலோ 16 கோர்கள் உள்ளன.

ஆயினும் கைகள் பெருகினால் மட்டும் போதுமா? காணொளித் தொகுப்புப் போன்று பங்கிட்டுச் செய்யத்தக்க பணிக்குப் 12 அல்லது 16 கோர்கள் பயன்தரும். கடிதம், கணக்கு, பாடம் ஆகியவற்றிற்கு 6 கோர்களே தாராளம். மேலும், பல நிரல்களை ஒருங்கே திறக்கையில் நினைவகம் நிரம்பிவிடின், கணிப்பொறி மெதுவான சேமிப்பகத்தை நாடி ஓடுகிறது; கைகளோ வாளா இருக்கின்றன.

ஆதலின் பிள்ளைகள் கேட்டனர் என்று கடன்படுமுன், வேலை மிகுந்த வேளையில் 'டாஸ்க் மானேஜர்' பகுதியைத் திறந்து நோக்குவோம். செயலி இடைவிடாது நூறு விழுக்காட்டில் நின்றால் செயலியை மாற்றுவோம். நினைவகமே நிரம்பியிருப்பின் அதனை மட்டும் கூட்டுவோம்.

கோபுரம் கட்ட விழைபவன் முதற்கண் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்றார் ஆண்டவர். இல்லத்தின் அமைதியைக் காப்பதும் அத்தகைய கணக்கே அன்றோ!