வண்ணம் பூண்ட பெண்ணுருவங்கள்

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் இராசகோபுரம் 108 அடி உயரமுடையது. கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் அதன் வண்ணத் திரளைக் காணாது கடத்தல் அரிது. மாணவியர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தபோது ஒருத்தி, “சேர், இவை சிற்பங்களா, பொம்மைகளா?” என வினவினாள். பாடநூலிலே கருங்கல்லையும் செம்பையும் மட்டுமே கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வினா இயல்பானதே. விடையிறுக்க முற்பட்ட யானும் சிறிது தடுமாறினேன் என்பதை ஒளிப்பானேன்?

நிறம் பூசிய சிற்பம் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்முடையதன்று. கிரேக்கரின் பளிங்குச் சிலைகள் வண்ணமிழந்து வெளிறிய நிலையிலே கண்டெடுக்கப்பட்டன. அவ்வெண்மையையே பேரழகென ஐரோப்பியர் நெடுங்காலம் கொண்டாடினர். அவை தோன்றிய காலத்தில் வண்ணம் பூசப்பெற்றிருந்தன என்பதை ஆய்வாளர் பின்னர் நிறுவினர். எல்லோராக் கைலாசநாதர் கோவிலும் சுதையும் வண்ணமும் பூண்டே விளங்கிற்று. நம் அயலிலுள்ள தெகல்தொறுவை விகாரையைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கோபுரச் சுதையுருவங்கள் செய்யும் முறை எளிதே. செங்கல்லால் உட்கூடு கட்டி, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்தரைத்த சுண்ணச்சாந்தைப் பூசி, உருவந் திருத்தி, வண்ணந் தீட்டுவர். இன்று பெரும்பாலும் சீமெந்தே பயன்படுகின்றது.

இதனையொத்த முறையால், கோவிலோடு தொடர்பேதுமின்றி, பெரும் பெண்ணுருவங்களைப் படைத்தவர் நிக்கி டி செயின்ற் பால் அம்மையார். 1930 இல் பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1953 இல் உளநோயுற்று மருத்துவமனையிற் கிடந்த காலத்தில் ஓவியந் தீட்டத் தொடங்கினார். கலைக்கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். 1961 இல், வண்ணப் பைகளை மறைத்துச் சாந்து பூசிய பலகைகளைத் துப்பாக்கியாற் சுட்டு, நிறம் குருதிபோல் வழியச் செய்து உலகைத் திகைப்பித்தார். அச்சினமெல்லாம் ஆடித் தீர்ந்தபின் பிறந்தவையே ‘நானா’க்கள். கருவுற்றிருந்த தோழி ஒருவரின் தோற்றமே இவற்றுக்கு முதற்றூண்டல் என்பர். ‘நானா’ என்பது பிரெஞ்சுப் பேச்சுவழக்கிற் பெண்ணைக் குறிக்குஞ் சொல். (இப்பெயரை வகுப்பிற் கூறியதும் எழுந்த சிரிப்பை அடக்கச் சிறிது நேரமாயிற்று, நம் நாட்டில் நானா என்றால் முஸ்லிம் அண்ணன் அல்லவா!) 1965 இல் பாரிசில் முதன்முதல் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கம்பிவலையிற் கடதாசிக் கூழும் கம்பளி நூலும் கொண்டு முதலிற் செய்தார். பின்னர்ப் பிசினும் கண்ணாடி இழையும் கொண்டு வெயிலிலும் மழையிலும் நிற்குமாறு அமைத்தார். பருத்த தொடை, சிறிய தலை, உடலெங்கும் பூவும் நெஞ்சுருவும் வட்டமும். ஒற்றைக் காலூன்றி ஆடுவாள் ஒருத்தி. தலைகீழாய் நிற்பாள் மற்றொருத்தி.

1966 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரிலே தோழர் இருவருடன் கூடி ஏறத்தாழ 25 மீற்றர் நீளமுள்ள பெண்ணுருவொன்றை மல்லாந்த நிலையில் அமைத்தார். ‘ஹொன்’, அதாவது ‘அவள்’, என்பது அதன் பெயர். மக்கள் அதனுட் புகுந்து உலாவினர். உள்ளே சிறு திரைப்பட அரங்கும் இருந்தது. சில திங்களின்பின் அது பிரித்தழிக்கப்பட்டது. 1974 இல் ஜேர்மனியின் ஹனோவர் நகர வீதியோரத்தில் மூன்று நானாக்கள் நிறுத்தப்பட்டபோது, நகர மாந்தர் பலர் கொதித்தெழுந்தனர். அந்நகரமே 2000 ஆம் ஆண்டில் அம்மையாருக்குச் சிறப்புக் குடியுரிமை வழங்கிற்று.

இனி, கோபுரத்துப் பெண்ணுருவுக்கும் நானாவுக்கும் வேற்றுமை யாது? நம் மரபிற் பேருருக் கொண்டு நிற்கும் பெண் தெய்வமாதல் வேண்டும். அல்லது கண்ணகிபோற் சினந்து தெய்வமாதல் வேண்டும். அக்கண்ணகியே கண்டி மாநகரிற் பத்தினித் தெய்யோவாக வழிபடப்பெறுகின்றாள். நானாவோ எவளோ ஒருத்தி. படைக்கலமில்லை, வரமளிக்குங் கையுமில்லை. மகிழ்தலன்றி அவளுக்கு வேறு தொழிலில்லை.

மாத்தளையில் இவ்வேற்றுமை என் நெஞ்சை உறுத்திற்று. 19 ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையிலிறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்து மலையேறிய பாதை அவ்வூரூடாகவே சென்றது. வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் நம்பிய தாய் மாரி. 1983 இன் கலவரத்தில் எரியுண்டும் அவள் கோவில் மீண்டெழுந்தது. அவ்வழி நடந்த பெண்டிரோ? கொழுந்துக் கூடையும் குனிந்த முதுகுமாய் அன்றி அவர்களை ஓவியத்தும் விளம்பரத்தும் யான் கண்டது மிகக் குறைவு.

இதனை வகுப்பிற் கூறியபின், பழைய செய்தித்தாட் கூழாற் பெண்ணுருச் செய்யப் பணித்தேன். பொம்மையா என வினவிய அம்மாணவி, இரு கைகளையும் விரித்து வாய்விட்டுச் சிரிக்கும் பருத்த பெண்ணொருத்தியைச் செய்து, பச்சையும் செம்மஞ்சளும் பூசிக் கொணர்ந்தாள். தலையிலே கொங்காணி இருந்தது.

“கூடை எங்கே, பிள்ளை?”

“இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சேர்.”

அவ்வுருவம் எம் சித்திரக் கூடத்து அலுமாரியின்மேல் நிற்கின்றது. கூழ் நன்கு உலராமையால் ஒரு கால் சற்று வளைந்துவிட்டது.