பாதுகாப்பு ஆராய்ச்சியும் சிறு கல்லூரிகளும்



நாட்டின் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் வீரனின் உருவமே. அவ்வீரனுக்குப் பின்னால் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து உழைப்பவரை நாம் எளிதில் நினைப்பதில்லை. பனிமலையில் அவன் உண்ணும் உணவு கெடாதிருக்கவும், பகைவரின் விமானம் தொலைவில் வரும்போதே அது தெரியவரவும் வழி கண்டவர்கள் விஞ்ஞானிகள். அவர்களுள் கல்லூரி ஆசிரியர்களும் உண்டு. அவ்வாசிரியர்களின் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் அளிக்கும் பொருளுதவியே பாதுகாப்பு ஆராய்ச்சி மானியம். அது எத்தகைய கல்லூரிகளை எளிதில் சென்றடைகிறது, எவற்றை அடைவதில்லை, அதற்குக் காரணம் யாது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் பாதுகாப்பு விஞ்ஞானத்துக்கு அடிகோலியவர் ஒரு கல்லூரி ஆசிரியரே என்பதை முதலில் சொல்ல வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த டி. எஸ். கோத்தாரி அவர்கள் 1948-இல் பாதுகாப்பு அமைச்சரின் முதல் விஞ்ஞான ஆலோசகராக நியமனம் பெற்றார். அவர் கட்டி வளர்த்த பாதுகாப்பு விஞ்ஞான அமைப்பும் வேறு சில தொழில்நுட்பப் பிரிவுகளும் 1958-இல் ஒன்று சேர்ந்து, பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் பிறந்தது. டி.ஆர்.டி.ஓ. என்று நாம் சுருக்கமாக வழங்குவது இதனையே. அதே கோத்தாரி அவர்கள்தாம் பின்னர் 1964 முதல் 1966 வரை இந்தியக் கல்விக் குழுவின் தலைவராக அமர்ந்து, கல்வி வாய்ப்பு எல்லா மக்களுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டிய தேவையை ஆராய்ந்தார். பாதுகாப்பு விஞ்ஞானம், கல்வியில் சமவாய்ப்பு என்னும் இரு பணிகளும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. அவை நாட்டின் நடைமுறையிலும் கூடவேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

இனி, மானியம் என்பது எவ்வாறு கிடைக்கிறது என்று பார்ப்போம். டி.ஆர்.டி.ஓ. தன் சொந்த ஆய்வுக்கூடங்களில் மட்டும் ஆராய்ச்சி நடத்துவதில்லை. வெளியிலுள்ள கல்வி நிலையங்களுக்கும் பொருள் தந்து ஆராய்ச்சியை வளர்க்கிறது. இதற்காக 1971-இல் விமான இயல் ஆராய்ச்சி வாரியமும், 1996-இல் கடற்படை ஆராய்ச்சி வாரியமும் தோன்றின. படைக்கலத் துறைக்கும் உயிர் அறிவியலுக்கும் இவ்வாறே வாரியங்கள் ஏற்பட்டன. மானியம் வேண்டும் ஆசிரியர் தாம் ஆராயவிருக்கும் பொருள், அதற்கு ஆகும் காலம், வேண்டிய கருவிகள், ஆராய்ச்சி மாணவர்க்குரிய உதவித்தொகை ஆகியவற்றை விவரித்துத் திட்டம் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். வல்லுநர் குழு அதனைப் பரிசீலிக்கும். தகுதி உடையது எனக் கண்டால் பணம் தவணை தவணையாக வரும். ஆசிரியரும் காலந்தோறும் முன்னேற்ற அறிக்கையும் செலவுக் கணக்கும் அனுப்பிவர வேண்டும்.

மேலெழுந்தவாரியாக நோக்கினால் இம்முறையில் குறை ஒன்றும் தோன்றாது. நல்ல திட்டத்துக்குப் பணம் தருவது நியாயந்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், நல்ல திட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். அதற்கு ஆயத்தம் செய்வதும் விடைத்தாள் திருத்துவதும் தனி. ஆராய்ச்சி மாணவர்களும், கருவிகளைப் பராமரிக்கும் பணியாளர்களும், கணக்கு எழுதித்தரும் அலுவலகமும் உள்ள பெரிய நிறுவனத்தில் ஓர் ஆசிரியர் இச்சுமையைத் தாங்கிக்கொண்டே திட்டமும் எழுதிவிடலாம். இவை ஒன்றும் இல்லாத சிறு கல்லூரி ஆசிரியர் என் செய்வார்? கருவி இருந்தால் அன்றோ முதற் சோதனை செய்யலாம்? முதற் சோதனையின் முடிவு இருந்தால் அன்றோ வல்லுநர் குழு திட்டத்தை நம்பும்? பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால் பைத்தியம் தெளியும் என்ற நாட்டுப்புற வழக்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆய்வுக்கூடம் இருந்தால் மானியம் வரும். மானியம் வந்தால்தான் ஆய்வுக்கூடம் அமையும்.

நான் வாழும் காட்டாங்குளத்தூரையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டு இதனை விளக்குகிறேன். தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஓடும் மின்சார இரயில் பாதையை ஒட்டி எத்தனையோ கல்வி நிலையங்கள் இருக்கின்றன. தாம்பரத்தில் விமானப்படை நிலையமும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937 முதல் அவ்வூரில் நடந்துவருகிறது. காட்டாங்குளத்தூரிலுள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. பதினொரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள அக்கோள், வளிமண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களைக் கண்காணிக்க அமைந்தது. கருவியும் வழிகாட்டலும் கிடைத்தால் கல்லூரி மாணவர் எதனைச் சாதிக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால், இவ்வசதிகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வாய்ப்பதில்லை.

இதே இரயில் பாதையில் தாம்பரத்துக்கு வடக்கே உள்ள குரோம்பேட்டையில், சி. இராஜம் என்னும் பெருந்தகை 1949-இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். அங்குச் சேர்வதற்கு வேண்டிய பணம் வீட்டில் இல்லாமல், அவருடைய தமக்கையார் தம் நகைகளை அடகு வைத்து உதவினார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். அந்த மாணவரே 1992 முதல் 1999 வரை டி.ஆர்.டி.ஓ.வின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 2002-இல் குடியரசுத் தலைவரும் ஆனார். ஒரு சகோதரியின் நகை நாட்டுக்கு ஒரு விஞ்ஞானியைத் தந்தது என்று நாம் பெருமை கொள்கிறோம். பெருமை நியாயமானதே. ஆயினும், அடகு வைக்க நகையும் இல்லாத வீடுகளில் பிறந்த அறிவாளிகள் எத்தனை பேரை நாம் இழந்தோம் என்பதற்குக் கணக்கு ஏது? தனிமனிதரின் தியாகத்தை நம்பி ஒரு நாடு தன் விஞ்ஞானத்தை நடத்த இயலாது.

இச்சிக்கலை அமெரிக்க ஐக்கிய நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பது நாம் அறியத்தக்கது. அங்கே 1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும், தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு வெள்ளையர் கல்லூரிகளின் கதவு மூடியே இருந்தது. ஆகவே அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் தோன்றின. 1867-இல் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகமும், 1881-இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகிக் கல்வி நிலையமும் எழுந்தன. இத்தகைய நிறுவனங்கள் இன்று சுமார் நூறு உள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது கறுப்பின விமானிகள் டஸ்கீகியில் பயிற்சி பெற்று வீரத்துடன் போரிட்டனர். ஆனால் அதே போர்க்காலத்தில் ராடார் முதலிய ஆராய்ச்சிகளுக்கென அரசாங்கம் வழங்கிய பெரும்பொருள் ஏற்கெனவே பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கே சென்றது. அன்று சேர்ந்த கருவிகளும் அனுபவமும் போருக்குப் பின்னும் மேன்மேலும் மானியங்களை ஈர்த்தன.

அந்நாட்டுப் பழங்குடி மக்களின் வரலாறு இன்னும் உருக்கமானது. நவஹோ என்னும் பழங்குடியினரின் தாய்மொழியைக் கொண்டு 1942-இல் அமெரிக்க மரைன் படையினர் இரகசியச் சொற்குறி ஒன்றை அமைத்தனர். முதலில் அதனை உருவாக்கிய நவஹோ இளைஞர் 29 பேர். ஜப்பானியரால் அதனை இறுதிவரை விடுவிக்க முடியவில்லை. பள்ளிகளில் பேசவும் தடைசெய்யப்பட்டிருந்த மொழி, போர்க்களத்தில் நாட்டைக் காத்தது. ஆயினும் நவஹோ மக்கள் தாமே நடத்தும் கல்லூரி ஒன்று அரிசோனாவில் தோன்றியது 1968-இல்தான். பழங்குடியினர் தாமே நிறுவி நடத்திய கல்லூரிகளுள் அதுவே முதலாவது.

இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க 1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்ட விதியை இயற்றியது. பாதுகாப்பு இலாகாவின் ஒப்பந்தங்களில் 5 விழுக்காடு, பின்தங்கியோர் நடத்தும் சிறு தொழில் நிலையங்களுக்கும், கறுப்பினக் கல்லூரிகளுக்கும், சிறுபான்மையோர் கல்வி நிலையங்களுக்கும் செல்ல வேண்டும் என்பது அது வகுத்த இலக்கு. பிற்காலத்தில் இக்கல்லூரிகளுக்கெனத் தனி ஆராய்ச்சி மானியங்களும், கருவி வாங்க உதவியும் ஏற்பட்டன. 2023-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் தலைமையில், தாமே இயங்கும் இயந்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சி மையம் ஒன்றை அந்நாட்டு விமானப்படை அமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் என்பது ஒப்பந்தம். இவ்வகைப் பல்கலைக்கழக மையங்கள் அதற்கு முன்னர் 14 இருந்தன. அவற்றுள் ஒன்றுகூடக் கறுப்பினக் கல்வி நிலையத்தின் தலைமையில் இருந்ததில்லை. டஸ்கீகி உட்பட வேறு சில கறுப்பினக் கல்வி நிலையங்களும் இதில் பங்குகொண்டன.

இதனால் குறை முற்றும் தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. 1986-இல் இலக்கு வகுத்தவர்கள் முதல் மையத்தை அமைக்க 37 ஆண்டுகள் ஆயின. அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் குழு ஒன்று 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், நல்லெண்ணம் மட்டும் போதாது, அளந்தறியத்தக்க பயன் வேண்டும் என்று வற்புறுத்தியது. பெயரளவுக்குச் சிறு கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, பொருளின் பெரும்பகுதியையும் புகழையும் பெரிய நிறுவனமே வைத்துக்கொண்டால், திட்டத்தின் நோக்கமே பாழாகும். ஆகவே மானியம் தந்தோமா என்று கேட்பதோடு நில்லாமல், மானியக் காலம் முடிந்த பின்னர் அக்கல்லூரியில் என்ன எஞ்சியது என்றும் கேட்க வேண்டும். கருவி எஞ்சியதா, பயிற்சி பெற்ற மாணவர் எஞ்சினரா, அடுத்த திட்டத்தைத் தாமே எழுதும் ஆற்றல் எஞ்சியதா என்பவையே சரியான அளவுகோல்கள்.

நம் நாட்டிலும் சில வாயில்கள் திறந்துள்ளன. 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சிக்குரிய தொகையில் 25 விழுக்காடு தொழில்துறைக்கும் புதிய நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. டி.ஆர்.டி.ஓ. கல்வி நிலையங்களில் அமைத்துள்ள உயர் ஆராய்ச்சி மையங்களுள் பல ஐ.ஐ.டி.க்களில் இருப்பினும், கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகமும், பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் மிசோரமிலுள்ள பல்கலைக்கழகமும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளன. இது மகிழத்தக்கது. குடிமை விஞ்ஞானத் துறையில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களுக்கெனத் தனி மானியத் திட்டம் நடத்தப்பட்டதுண்டு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றிய தேசிய ஆராய்ச்சி நிறுவனம், பெரிய நிறுவனம் ஒன்றை நடுவாகவும் வளரும் பல்கலைக்கழகங்களை அதனைச் சுற்றியும் இணைக்கும் திட்டத்தை 2024-இல் தொடங்கியது. பழங்குடி மக்களுக்கென அமர்கண்டக்கில் 2008 முதல் மத்தியப் பல்கலைக்கழகமே நடந்துவருகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சியிலும், முதல் தலைமுறை மாணவர்கள் மிகுதியாகப் பயிலும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பழங்குடிப் பகுதிக் கல்லூரிகளுக்கும் ஒரு நிலையான பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் துணிபு. இது தருமம் அன்று. காட்டையும் கடலையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களின் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் இல்லாவிட்டால் நட்டம் நாட்டுக்கே.

போருக்குரிய பணத்தைக் கல்விச்சாலை தொடலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பாதுகாப்பு ஆராய்ச்சி அனைத்தும் படைக்கலம் அன்று. உணவும் மருந்தும் உடையும் அதில் அடங்கும். படைக்கலமும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு விஞ்ஞானத்தை வளர்த்த கோத்தாரி அவர்களே, அணுகுண்டு வெடிப்பின் கொடிய விளைவுகளை விளக்கும் நூல் ஒன்று 1956-இல் வெளிவரப் பொறுப்பேற்றிருந்தார். துறையை உள்ளிருந்து அறிந்தவர் சொன்னமையால் அவ்வெச்சரிக்கைக்கு வலிமை இருந்தது. எதை ஆராயலாம், எதை ஆராயலாகாது என்று முடிவு செய்யும் அவையில் எல்லா வகுப்பு மக்களும் இடம்பெற வேண்டுமானால், முதலில் அவர்கள் விஞ்ஞானிகளாக வேண்டும்.

மாணவர்களே! உங்கள் கல்லூரி சிறியது என்பதற்காக உங்கள் கேள்விகளையும் சிறியவை என்று எண்ணாதீர்கள். உங்கள் ஆசிரியரிடம் மானியத் திட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். அது எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை இப்பொழுதே கற்றுக்கொள்ளுங்கள். வாயில் திறக்கும் நாளில் கையில் திட்டத்துடன் நிற்பவர்களாக இருங்கள்.