வெல்லத்தின் மஞ்சள் நிறமும் சல்ஃபைட் ஒவ்வாமையும்

வெல்ல ஆலைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் வெள்ளைத் தூளின் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். சாயப்பட்டறைகளில் அவுரி நீலம் போன்ற சாயங்களைக் கரைக்கவும், காகித ஆலைகளில் கூழை வெளுக்கவும் உதவும் பொருள் இது. கொதிக்கும் கரும்புப் பாகில் இதைத் தூவினால், பழுப்பு நிறம் சற்று நேரத்தில் வெளிறி மஞ்சளாகிவிடும். அப்படி வெளுத்த வெல்லத்தில் தங்கிவிடும் சல்ஃபைட் எச்சம், ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது அக்கறையான செய்தி. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் கரும்பு விளையும் பூமி. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி வயல்களுக்குப் பாய்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு தாமதமானாலோ, வெல்லத்துக்கு நல்ல விலை கிடைத்தாலோ கரும்பு வெல்ல ஆலைக்குப் போவது தமிழ்நாட்டுக் கரும்புப் பகுதிகளில் வழக்கம். பொங்கல் நெருங்கும்போது வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் அடுப்பு அணைவதில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வெல்ல ஆலைகளைச் சோதனையிட்டு, ஹைட்ரோஸ் மூட்டைகளையும் கலப்பட வெல்லத்தையும் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன.

கரும்புச்சாறு இயல்பாகவே கருக்கும் தன்மை கொண்டது. கரும்பை நசுக்கியதும் சாற்றிலுள்ள பீனால் பொருள்கள் நொதிகளோடும் காற்றோடும் சேர்ந்து பழுப்பாகத் தொடங்குகின்றன. சாற்றிலும் கொப்பரையிலும் உள்ள இரும்பு அந்த நிறத்தை அடர்த்தியாக்குகிறது. பாகு ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ் வரை காயும்போது சர்க்கரை கருகுவதாலும், அமினோ அமிலங்களோடு வினைபுரிவதாலும் நிறம் இன்னும் ஏறுகிறது. ஆகவே பழுப்பும் செம்பழுப்பும்தான் வெல்லத்தின் சொந்த நிறங்கள்.

சாற்றைத் தெளியவைக்கப் பழைய முறைகள் உண்டு. சுண்ணாம்பு சேர்த்தால் சாற்றின் புளிப்புக் குறையும். வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த வழவழப்பான நீரும், ஆமணக்கு விதையிலோ நிலக்கடலையிலோ எடுத்த பாலும் அழுக்கைத் திரட்டி நுரையாக மேலே கொண்டுவரும். அதைக் கரண்டியால் வழித்தெடுப்பார்கள். இவை அழுக்கை நீக்குமே தவிர நிறத்தை வெளுக்காது. சந்தையிலோ மஞ்சள் வெல்லத்துக்குத்தான் கூடுதல் விலை. அந்த விலைதான் ஹைட்ரோஸைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது.

ஹைட்ரோஸ் நிறப்பொருளை அகற்றுவதில்லை. அதன் வேதி அமைப்பை மாற்றி நிறம் தெரியாமல் செய்கிறது. மாதங்கள் கழிந்து காற்றும் ஈரமும் பட்டால் வெல்லம் மறுபடி கருக்கும். சூடான பாகில் இந்தத் தூள் சிதையும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வெளிவருகிறது. ஒரு பகுதி காற்றில் கலக்க, மீதி சல்ஃபைட்டாக வெல்லத்திலேயே தங்கிவிடுகிறது. கொப்பரை அருகே நிற்கும் தொழிலாளிதான் இந்த வாயுவை முதலில் சுவாசிக்கிறார். கண்ணெரிச்சல், தொண்டைக் கமறல், இருமல் எல்லாம் அவருக்கே முதலில் வருகின்றன.

உடலுக்குள் சல்ஃபைட் செய்வது, வேர்க்கடலையோ மீனோ உண்டாக்கும் ஒவ்வாமையிலிருந்து பெரும்பாலும் வேறுபட்டது. நோய் எதிர்ப்புப் புரதங்களின் தூண்டுதல் இல்லாமலே, விழுங்கும்போதும் வயிற்று அமிலத்தில் கரையும்போதும் வெளியேறும் வாயு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கிறது. சில நிமிடங்களில் இளைப்பும் நெஞ்சு இறுக்கமும் வரலாம். சிலருக்கு முகம் சிவக்கும், தோலில் தடிப்பு எழும். அரிதாக உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி நிலையும் ஏற்படும். ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 3 முதல் 10 சதவீதத்தினருக்கு இந்த உணர்திறன் இருப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. மற்றவர்களின் உடலில் சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைத் தீங்கற்ற சல்ஃபேட்டாக மாற்றிவிடுகிறது.

சல்ஃபைட் வெல்லத்தோடு நிற்பதில்லை. உலர்திராட்சை, உலர் ஆப்ரிகாட், ஒயின், ஊசி மருந்துகள், தலைச்சாயம், தோல் களிம்புகள் எனப் பல பொருள்களில் கெடாமல் காக்கும் பொருளாக இருக்கிறது. தோலில் பட்டு அரிப்பும் படையும் உண்டாக்குவதால், அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2024ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகச் சல்ஃபைட்டை அறிவித்தது. உணவகங்களில் பச்சைக் காய்கறிகள் வாடாமலிருக்கத் தெளித்த சல்ஃபைட்டால் ஆஸ்துமாக்காரர்கள் சிலர் இறந்ததையடுத்து, பச்சையாக உண்ணும் காய்கனிகளில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1986இல் தடை விதித்தது.

இந்தியாவில் வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு ஒரு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பொட்டலத்தில் அடைத்த உணவில் சல்ஃபைட் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒவ்வாமைப் பொருள் என்று லேபிளில் அறிவிக்க வேண்டும். சந்தையில் உருண்டையாகவும் அச்சாகவும் எடைபோட்டு விற்கும் வெல்லத்துக்கு லேபிளே கிடையாது. ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போவது இங்கேதான்.

உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் இணைந்த நிபுணர் குழு, சல்ஃபைட்டை, கந்தக டை ஆக்சைடு கணக்கில், உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை தினமும் ஏற்கலாம் என்று வகுத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 35 மில்லிகிராம். வரம்புக்குள் இருக்கும் வெல்லம் 50 கிராம் தின்றால் 3.5 மில்லிகிராம்தான் சேரும். வரம்பைப் பத்து மடங்கு மீறிய வெல்லமானால் அதே 50 கிராமில் ஒரு நாளுக்கான மொத்த அளவும் நிறைந்துவிடும். அளவறிந்து போடும் தராசு இல்லாமல் கைப்பிடிக் கணக்கில் தூவும் இடத்தில் இந்த மீறல் எளிதில் நேரும். உணர்திறன் உள்ளவருக்கோ இதைவிடக் குறைந்த அளவே போதும்.

சல்ஃபைட்டை வீட்டில் உறுதியாகக் கண்டறிய முடியாது. ஆய்வகச் சோதனை தேவை. பளிச்சென்ற வெளிர்மஞ்சள் வெல்லத்தைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் வெளுத்த வெல்லமும் நாள்பட்டால் கருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. எந்த ஆலையில் காய்ச்சியது என்று தெரிந்து வாங்குவது மேல். சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ சாப்பிட்டபின் இளைப்பு வரும் ஆஸ்துமா நோயாளி, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கலப்படச் சந்தேகத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகாராகத் தரலாம். அதிகாரிகள் மாதிரி எடுத்து அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். ஹைட்ரோஸ் தூவாத பழுப்பு வெல்லத்துக்கு வாங்குவோர் உரிய விலை தரத் தொடங்கினால், காய்ச்சுபவருக்கு அந்தத் தூளை வாங்கவேண்டிய தேவையே இராது.