உங்களுக்குத் தெரியுமா? பூச்சிக்காளைக்கும் உண்டு பரீட்சை

காங்கயம் பக்கம் இனவிருத்திக்கு விடும் காளையைப் பூச்சிக்காளை என்பார்கள். திமிலும் கொம்பும் எடுப்பாக இருந்தால் மட்டும் போதாது. விந்தையும் சோதிக்க வேண்டும். 37 டிகிரிக்குச் சூடாக்கிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல விந்து அலை அலையாகச் சுழலும். தகடு குளிர்ந்திருந்தால் நல்ல விந்தணுவும் சுணங்கிவிடும். பழி காளை மேல்!

இயோசின்-நிக்ரோசின் சாயம் கலந்தால் செத்த அணு இளஞ்சிவப்பாகும், உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும். திருப்பூர்ப் பட்டறையில் சாயம் ஏறாத துணி கழிவு. இங்கே சாயம் ஏறியதுதான் கழிவு.

சினை ஊசிக்கான உறைவிந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும். அதை உருக்கிய பிறகும் பாதி அணுக்களாவது முன்னோக்கி நீந்த வேண்டும்.