முயலுக்குத் தின்னக் கொடுக்கும் முன்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகாத ஒன்றை விழுங்கிவிட்டால் அது குடல் வழியாகப் போய்த்தான் தீரவேண்டும். முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்கள் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும். இந்தச் சின்ன உயிர்களுக்குப் பட்டினியால் வரும் கெடுதலைவிடப் பிரியத்தால் வரும் கெடுதல் அதிகம். ஆசையாக நீட்டும் பிஸ்கட், முறுக்கு, சர்க்கரைப் பொங்கல், முழு வாழைப்பழம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் சேரும்.

முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. சின்னத் திராட்சைக் கொத்துபோல மெத்தென்று பளபளக்கும் ஒருவகைப் புழுக்கையை, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, முயல் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அசிங்கம் என்று தடுக்காதீர்கள், பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. மாவும் சர்க்கரையும் அளவுக்கு மீறி உள்ளே போனால் இந்த ஏற்பாடு குலைந்து, வாயு கட்டி, குடல் அசைவே நின்றுபோகும். பற்களோ ஆயுள் முழுக்க வளர்பவை. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும்.

ஆகவே வளர்ந்த முயலுக்கு உணவின் பெரும்பங்கு புல்லும் உலர்ந்த புல்லும்தான். கேரட் கிழங்கில் சர்க்கரை உண்டு, அது எப்போதாவது ஒரு துண்டு. அதன் தழையைத் தாராளமாகக் கொடுக்கலாம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் முள்ளங்கித் தழையும் கொத்தமல்லியும் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும், நன்றாக அலசிக் கொடுங்கள். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாக விற்கும் அருகம்புல்லும் நல்லதுதான், மருந்து தெளிக்காத இடத்தில் பறித்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரிக் கரைக்காரர்களுக்கு வாழைப்பழம் கைக்கெட்டும் பொருள். முயலுக்கு வாரத்தில் ஓரிரு முறை, கட்டைவிரல் நகம் அளவு போதும்.

கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களைப் பண்ணையாளர்களுக்காக வளர்க்கிறது. அவை இறைச்சிக்கானவை, சீக்கிரம் எடை போட வேண்டும். அதற்கென்றே தயாரித்த தீவனத்தை வீட்டு முயலுக்கு வாடிக்கையாகப் போட்டால் கொழுப்புதான் சேரும். குதிரை மசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். குட்டிக்கு அது நல்லது, வளர்ந்ததற்கு அளவோடுதான். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுவாமி படத்தில் வாடிய மாலையைக் கழற்றிக் கூண்டில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மாலையில் அரளி கலந்திருக்கலாம். அதன் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், வெண்ணெய்ப் பழம் ஆகியவையும் ஆகாது. வெண்ணெய்ப் பழம் லவ் பேர்ட்ஸின் உயிரையே எடுத்துவிடும்.

கினிப் பன்றியின் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கொய்யாத் துண்டும் குடைமிளகாயும் அதற்கு விருந்து மட்டுமல்ல, தேவையும்கூட. தீவனத்தில் சேர்த்த வைட்டமின் சி நாள்பட நாள்பட வீரியம் இழக்கும். அதனால் பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஹாம்ஸ்டருக்கு ஒட்டும் பண்டங்கள் வேண்டாம், கன்னப் பையில் சிக்கிக்கொள்ளும்.

தேதியைப் பார்ப்பது உங்கள் உரிமையும்கூட. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து வெற்றுப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பதை வாங்காதீர்கள். பெயரே இல்லாத பொருளுக்கு யாரைப் பொறுப்பாக்க முடியும்? விலங்கு விற்கும் கடைகள் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை.

கெட்டுப்போன தீவனத்தால் பாதிப்பு என்று சந்தேகித்தால் மிச்சத் தீவனம், பாக்கெட், பில், மருத்துவர் குறிப்பு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். உயிர் போய்விட்டால் பிரேதப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கடமை நமக்கும் உண்டு. வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இடமும் தராதது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

முயல் அரை நாளாக எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை, முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லைக் கடிக்கிறது என்றால் அது அவசரம். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவ்வகை மருந்து வாய்வழி போனால் முயலும் கினிப் பன்றியும் பிழைப்பது கடினம். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்ப்பதில்லை. உங்கள் பகுதியில் பார்ப்பவர் யார் என்று இன்றே விசாரித்து, எண்ணைக் குறித்து வையுங்கள்.