டிலிபரட்: எண்ணித் துணிதலைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை

'டிலிபரட்' என்பது ஆங்கிலத்தில் பெயரடையாக வழங்கும் ஒரு சொல். நன்கு எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது இதன் அடிப்படைப் பொருள். நம் பாடப்புத்தகங்களின் சொற்பொருள் பட்டியலில் இதற்குப் பெரும்பாலும் 'வேண்டுமென்றே' என்ற ஒரே பொருள்தான் காணப்படும். அது தவறன்று. ஆனால் முழுமையும் அன்று. இடத்துக்கு ஏற்ப இச்சொல் பாராட்டாகவும் அமையும், குற்றச்சாட்டாகவும் அமையும்.

பலுக்கல்

எழுத்துக்கூட்டல் ஒன்றே ஆனாலும் பெயரடையும் வினைச்சொல்லும் ஒலியில் வேறுபடுகின்றன. பெயரடையாக வரும்போது ஈற்றசை குறுகி 'டிலிபரட்' என்று ஒலிக்கும். 'கலந்து ஆலோசி' என்ற பொருளில் வினைச்சொல்லாக வரும்போது ஈறு நீண்டு 'டிலிபரேட்' என்று ஒலிக்கும். 'செபரேட்', 'மாடரேட்' ஆகிய சொற்களும் இவ்வாறே பெயரடையாகும்போது ஈறு குறுகும். நம் பேச்சில் இரண்டையும் நெடிலாகவே ஒலிக்கும் வழக்கம் உள்ளது. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைப் பழகிக்கொள்வது நல்லது.

சொற்பிறப்பு

இச்சொல் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் மூலம் 'டெலிபராரே' என்னும் இலத்தீன் வினைச்சொல். அதனுள் 'லிப்ரா' என்ற சொல் அமைந்திருப்பதாக அகராதிகள் காட்டுகின்றன. லிப்ரா என்றால் தராசு. வானியலில் துலாம் விண்மீன் குழுவுக்கு வழங்கும் பெயரும் இதுவே. பவுண்டு எடையை 'எல்பி' என்று சுருக்கி எழுதுவதும் இச்சொல்லிலிருந்து வந்ததுதான். சுதந்திரத்தைக் குறிக்கும் 'லிபர்ட்டி' என்ற சொல் 'லிபெர்' என்னும் வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இரண்டையும் இணைத்துவிடக் கூடாது.

தமிழிலும் இதே உருவகம் உண்டு. 'சீர்தூக்கிப் பார்த்தான்' என்கிறோம். தூக்குதல் என்பதற்கு எடை போடுதல் என்றும் பொருள். திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் சான்றோருக்குத் துலாக்கோலை உவமை காட்டுகிறது. 47ஆவது அதிகாரமான தெரிந்து செயல்வகை, ஒரு செயலில் இறங்குமுன் எண்ண வேண்டும், இறங்கிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்பது குற்றம் என்று அறிவுறுத்துகிறது. டிலிபரட் என்பதன் முதற்பொருளுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை.

மூன்று பொருள்கள்

1. நன்கு ஆராய்ந்த: 'டிலிபரட் டிசிஷன்' என்றால் நன்மை தீமைகளைச் சீர்தூக்கி எடுத்த முடிவு. 'டிலிபரட் சாய்ஸ்' என்றால் எண்ணிப் பார்த்துச் செய்த தேர்வு.

2. தெரிந்தே செய்த: 'டிலிபரட் லை' என்றால் தெரிந்தே சொன்ன பொய். 'டிலிபரட் மிஸ்டேக்' என்றால் வேண்டுமென்றே செய்த தவறு. கிரிக்கெட் விதிகளிலும் இப்பொருள் உண்டு. மட்டையாளர் ஓட்டத்தைத் தெரிந்தே முழுமையாக ஓடி முடிக்காவிட்டால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள் தண்டமாக வழங்கப்படும். கவனக்குறைவால் குறைந்த ஓட்டத்துக்கு இந்தத் தண்டம் இல்லை.

3. நிதானமான: 'டிலிபரட் ஸ்டெப்ஸ்' என்றால் அவசரமின்றி அளந்து வைக்கும் அடிகள்.

மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எடை போட நேரம் பிடிக்கும். அதனால் நிதானம் என்ற பொருள் வந்தது. எடை போட்டுப் பார்த்தவர் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது. அதனால் வேண்டுமென்றே என்ற பொருள் வந்தது.

எந்தப் பொருள் என்று அறிய, அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். அது பொய், தவறு, தாமதம், அவமதிப்பு போன்ற தீய செயலானால் 'வேண்டுமென்றே' என்று கொள்க. முடிவு, திட்டம், தேர்வு போன்றதானால் பெரும்பாலும் 'ஆராய்ந்த' என்று கொள்க. நடை, பேச்சு, அசைவு ஆனால் பெரும்பாலும் 'நிதானமான' என்று கொள்க.

சட்டத்தில் இச்சொல்

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927ஆம் ஆண்டு 295ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மத உணர்வுகளைப் புண்படுத்தும் எல்லாச் சொல்லும் அப்பிரிவின்படி குற்றமாகாது. 'டிலிபரட்' ஆகவும் தீய எண்ணத்துடனும் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் வாசகம். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது இந்த வரம்பையே சுட்டிக்காட்டியது. அறியாமலோ கவனக்குறைவாகவோ, புண்படுத்தும் நோக்கமின்றியோ சொல்லப்பட்டவை இதில் அடங்கா என்று விளக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவிலும் இதே பெயரடை உள்ளது. ஒருவர் சிறை செல்வதும் செல்லாமலிருப்பதும் இச்சொல்லின் பொருளைச் சார்ந்திருக்கக்கூடும்.

ஒரு சொல்லால் நேர்ந்த தாமதம்

நிதானம் என்ற பொருள் தீங்காக முடிந்ததும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களைத் தனியே பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. அதை எப்படி நிறைவேற்றுவது என்று கூறும் இரண்டாம் தீர்ப்பு 1955 மே 31 அன்று வந்தது. அதில் 'வித் ஆல் டிலிபரட் ஸ்பீட்' என்ற தொடர் இடம்பெற்றது. 'தக்க நிதானத்துடன் கூடிய விரைவில்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். தென் மாநிலங்கள் விரைவை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், இனக் கலப்பைத் தவிர்ப்பதற்காக 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளே மூடப்பட்டன. இனியும் நிதானத்துக்கு நேரமில்லை என்று அந்நீதிமன்றம் 1964இல் கூற வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுப் படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு அது காலம் கடந்த திருத்தம்.

ஆவடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

அதே 1955ஆம் ஆண்டு சனவரியில், முத்தாபுதுப்பேட்டைக்கு அருகிலுள்ள ஆவடியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு யு. என். தேபர் தலைமையில் நடந்தது. காமராசர் அப்போது சென்னை மாநில முதலமைச்சர். 'சோஷியலிஸ்டிக் பேட்டர்ன்', அதாவது சமதர்மப் பாங்கிலான சமுதாயம், நாட்டின் இலக்கு என்று அங்கு தீர்மானம் நிறைவேறியது. 'சோஷியலிஸ்ட்' என்பதற்கும் 'சோஷியலிஸ்டிக்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது 'அந்தப் பாங்கான' என்று மென்மையாக ஒலிக்கும். 'சோஷியலிஸ்ட்' என்ற சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலமே அரசியலமைப்பின் முகப்புரையில் ஏறியது. ஒரு தீர்மானத்தில் எந்தப் பெயரடை இடம்பெறுகிறது என்பது சிறிய செய்தியன்று.

தொடர்புடைய சொற்கள்

டிலிபரேட்டிவ்: கூடி விவாதித்து முடிவெடுக்கும் தன்மையுள்ள. நம் அரசியல் நிர்ணய சபை இத்தகைய அவை. அது 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது. வந்த 7,635 திருத்தங்களுள் 2,473 திருத்தங்கள் அவையில் முன்மொழியப்பட்டன.

கன்சிடர்டு: ஆராய்ந்து கூறிய. 'கன்சிடர்டு ஒப்பீனியன்' என்பது தேர்ந்த கருத்து.

கன்சிடரேட்: பிறர் நிலையறிந்து நடக்கும். மேற்கண்ட சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்வது பரவலான பிழை.

ஜுடீஷியஸ்: நல்லறிவோடு கூடிய. நீதித்துறை சார்ந்த என்னும் 'ஜுடீஷியல்' வேறு.

ப்ரூடென்ட்: வருமுன் அறிந்து நடக்கும்.

மாணவர் கவனத்துக்கு

வேலைக்குச் சென்ற பிறகு குறிப்பாணைக்கு விளக்கம் எழுதும் நிலை யாருக்கும் வரலாம். கவனமாக வேலை செய்ததால் நேரம் ஆனது என்று சொல்ல நினைத்து 'டிலிபரட் டிலே' என்று எழுதினால், வேண்டுமென்றே தாமதம் செய்தேன் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே 'கேர்ஃபுல்' என்ற எளிய சொல்லே போதும். கவனத்தைக் குறிக்க வந்த சொல்லைக் கவனமின்றிக் கையாளக் கூடாது. ஐயம் எழும்போது அகராதியைத் திறந்து, முதற்பொருளோடு நின்றுவிடாமல் மூன்றையும் படித்து, பிறகு எழுதுக.