ஆயா வராத நாளில் பிள்ளை யாரிடம்?



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்து, மும்பை மாநகரில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் குடியிருக்கும் நம்முடைய குடும்பங்கள் பலவற்றில் இன்று கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். காலையில் வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தில் பிள்ளை ஆயாவிடமோ, மராத்தியர் பாளணாகர் என்றழைக்கும் குழந்தைகள் காப்பகத்திலோ, பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ ஒப்படைக்கப்படுகிறது. நாள்தோறும் தடையின்றி நடக்கும் இந்த ஏற்பாடு ஒரு நாள் திடீரென நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? ஆயா ஊருக்குப் போய்விடலாம். காப்பகம் பண்டிகைக்காக மூடப்படலாம். பிள்ளைக்கே காய்ச்சல் கண்டு, காப்பகத்தார் திருப்பி அனுப்பிவிடலாம். அன்று பிள்ளை யாரிடம் இருக்கும்?

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, வீட்டிலிருந்தே வேலை செய்வது அநேகருக்குப் பழக்கமாயிற்று. ஆனால் கணினியில் முடிகிற வேலைக்குத்தான் அந்த வசதி உண்டு. செவிலியர், இரயில்வே ஊழியர், ஆசிரியை, துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர், கடையிலும் தையற்கூடத்திலும் வேலை செய்வோர் ஆகியோருக்கு அது இல்லை. வார்டில் படுத்திருக்கும் நோயாளியை வீட்டிலிருந்தபடி கவனிக்க முடியுமா? ஆகவே இப்படிப்பட்ட பெற்றோருக்கு மாற்று ஏற்பாடு இன்றியமையாதது.

மூன்று தவறான வழிகள்

ஏற்பாடு இல்லாத வீடுகளில் அவசரத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, "இரண்டு மணி நேரந்தானே" என்று பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் செல்வது. அடுப்பும் மின்சாரமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே அறைக்குள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது. பத்து வயதுச் சிறுமி அன்றைக்குத் தம்பிக்குத் தாயாகிறாள். மாதத்தில் ஒரு நாள் என்பது மூன்று நாளாகிறது; கணக்குப் பாடம் விட்டுப்போகிறது; பிறகு பள்ளிக்குச் செல்லவே கூச்சப்படுகிறாள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அந்த உரிமையை நம் வீட்டிலேயே நாம் பறிக்கலாமா? ஆண்பிள்ளையை இப்படி நிறுத்துகிறோமா என்றும் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணில் பட்டவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுவது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோரில் பெரும்பாலோர் அந்நியர் அல்லர், முன்பே அறிமுகமானவர்களே என்பதை மறவாதிருங்கள்.

ஊரிலிருக்கும் பாட்டி

"ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்துக்கொள்வோம்" என்பது நம்மில் அநேகருடைய பதில். பிரசவ காலத்திற்கும், கோடை விடுமுறைக்கும் அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ இரயிலில் மும்பை வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே முன்பதிவு செய்ய முடிகிறது. தட்கல் பயணச்சீட்டோ புறப்படும் நாளுக்கு முந்திய நாளில்தான் கிடைக்கும். நாளைக் காலை ஆறு மணிக்கு ஆயா வரமாட்டாள் என்று இன்றிரவு தெரிந்தால், பாட்டி எப்படி உதவ முடியும்? திடீர் நெருக்கடிக்கு ஏற்பவர் நடந்துவரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

1. கணவனும் மனைவியும் ஓர் இரவு உட்கார்ந்து, அடுத்த மாதத்து ஷிப்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் ஒருசேர வெளியே இருக்கும் மணி நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பகம் மாலையில் மூடிவிடும், உங்கள் ஷிப்டு இரவு எட்டு மணிக்கு முடியும் என்றால், அந்த இடைவெளியே உங்கள் முதற்பிரச்சினை.

2. அவசர விடுப்பை யார் எடுப்பது என்பதை முன்பே தீர்மானியுங்கள். ஒவ்வொரு முறையும் மனைவியே எடுத்தால், அவளுடைய விடுப்பும் வேலையிலுள்ள நற்பெயரும் முதலில் தீர்ந்துபோகும். மாறி மாறி எடுப்பதே நியாயம்.

3. ஒருவரை அல்ல, இருவரைத் தேடிவையுங்கள். ஒருவர் அதே கட்டடத்தில் அல்லது சாலில் இருப்பவர். மற்றவர் வேறு ஷிப்டில் வேலை செய்யும் தோழி. நெருக்கடி வருமுன் ஓய்வு நாளொன்றில் பிள்ளையை இரண்டு மணி நேரம் அவர்களிடம் விட்டுப் பழக்குங்கள். அந்த வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள் என்று கூச்சமின்றிக் கேளுங்கள். வீடு திரும்பியபின் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

4. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளையின் வயது, எடை, ஒவ்வாத உணவும் மருந்தும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், பெற்றோர் இருவருடைய கைப்பேசி எண்கள், வேலையிடத்துத் தொலைபேசி எண். பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி உண்டு என்பதையும் எழுதுங்கள். பள்ளியிலும் அந்தப் பெயரைப் பதிவு செய்யுங்கள். மருத்துவ அவசரத்திற்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்களும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

5. ஒரு பையை ஆயத்தமாக வைத்திருங்கள்: மாற்று உடை, தண்ணீர்ப் புட்டி, பிஸ்கட், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பிள்ளைக்குப் பிரியமான ஒரு விளையாட்டுப் பொருள்.

மழைக்காலத்து எச்சரிக்கை

மும்பையில் வாழ்வோர் 2005 ஜூலை 26ஆம் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மின்சார இரயில்கள் நின்றன. வேலைக்குப் போனவர்கள் இரவெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். மறுநாள்தான் வீடு சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் மாற்று ஏற்பாட்டாளர் பகலுக்கு மட்டும் போதாது. தேவைப்பட்டால் பிள்ளையை ஓர் இரவு தம்முடன் வைத்திருக்கச் சம்மதிப்பாரா என்பதையும் ஜூன் மாதத்திற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சட்டம் தரும் உதவி

50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்விதி தொடர்கிறது. உங்கள் வேலையிடத்தில் இது உண்டா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலைந்து தாய்மார் சேர்ந்து கேளுங்கள்.

மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு, 18 வயதுக்குட்பட்ட முதல் இரு பிள்ளைகளுக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியே பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பின்னர் அது விரிவுபடுத்தப்பட்டது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மத்திய அரசு பால்னா என்னும் காப்பகத் திட்டத்தை நடத்துகிறது. உங்கள் பகுதியில் அத்தகைய காப்பகம் உண்டா என்று அருகிலுள்ள அங்கன்வாடியில் விசாரியுங்கள்.

ஒருவரையொருவர் தாங்குதல்

உற்றார் உறவினர் அருகில் இல்லாத பட்டணத்தில், ஞாயிறுதோறும் நம் பக்கத்தில் அமர்ந்து ஆராதிப்பவர்களே நமக்கு உறவினர். ஒரே வட்டாரத்தில் வசிக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, யார் எந்த நாளில் வீட்டிலிருப்பார்கள் என்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டால் எவ்வளவு பாரம் குறையும்! இரவுப்பணி முடித்து வந்த செவிலிச் சகோதரி தூங்க வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியல் மதிக்கட்டும்.

ஆயினும் இரண்டு காரியங்களில் ஜாக்கிரதையாயிருங்கள். சபையைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்தால் விசாரியாமல் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். விசாரிப்பது அவமதிப்பாகாது, அது பெற்றோரின் கடமை. மேலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் விதவைத் தாயிடமோ ஏழைச் சகோதரியிடமோ "ஊழியமாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்பாதீர்கள். அவர்களுடைய பகற்பொழுதுக்கும் விலையுண்டு. நீங்கள் சம்பாதித்த அந்த ஒரு நாள் கூலியில் அவர்களுக்கும் பங்குண்டு.

இந்த வாரமே அந்த இருவர் யார் என்று முடிவு செய்து, அவர்கள் வீட்டுக்குப் பிள்ளையுடன் போய் வாருங்கள்.